கருத்துச் சுதந்திரமும் மனம் புண்படுதலும்

கருத்துச் சுதந்திரமும் மனம் புண்படுதலும் என்பது, ஒருவரது பேச்சோ எழுத்தோ ஓவியமோ பிறரது மனத்தைப் புண்படுத்தும்போது, அப்புண்படுதலை மட்டும் காரணமாகக் கொண்டு அதனைத் தடை செய்யலாமா, தண்டிக்கலாமா என்ற வினா பற்றிய அரசியல், சட்ட, மெய்யியல் விவாதம் ஆகும். பேச்சுரிமை எல்லையற்றது என்று எந்த நாட்டின் சட்டமும் கூறுவதில்லை. ஆனால் "என் மனம் புண்பட்டது" என்ற ஒரு கூற்றே அவ்வெல்லையை வரையப் போதுமானதா என்பதில் கருத்து வேறுபாடுகள் உள்ளன.

இந்தியாவில் இவ்விவாதத்தின் முக்கியமான சில நிகழ்வுகள் சேர்வராயன் மலையை உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தில் நடந்துள்ளன. ஏற்காட்டின் அடிவாரத்தில் உள்ள சேலம் நகரில் 1971இலும், மேட்டூரில் 2005இலும், 1997இல் பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டில் 2014-15இலும் நடந்த நிகழ்வுகள் அவை. அவற்றுள் பின்னிரண்டும் உயர் நீதிமன்றங்கள் வரை சென்று, இந்திய அளவில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளைத் தந்தன.

புண்படுதலும் தீங்கும்

இவ்விவாதத்தின் அடிப்படை வேறுபாடு "தீங்கு", "புண்படுதல்" ஆகிய இரண்டுக்கும் இடையிலானது. ஒருவரது உடல், உடைமை, நற்பெயர், வாழ்வாதாரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நேரும் இழப்பு தீங்கு எனப்படும். ஒரு சொல்லைக் கேட்டதால் எழும் சினம், அருவருப்பு, அவமான உணர்வு முதலியவை புண்படுதல் எனப்படும்.

ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு நேர்வதைத் தடுப்பதற்காக மட்டுமே சமூகம் ஒருவர் மீது அதிகாரம் செலுத்தலாம் என்று வாதிட்டார். தானிய வணிகர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று இதழில் எழுதுவதை அனுமதிக்க வேண்டும். அதனையே ஒரு வணிகரின் வீட்டின் முன் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. இரு இடங்களிலும் கருத்து ஒன்றே. சூழல் மாறும்போது விளைவு மாறுகிறது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் ஃபைன்பெர்க் 1985இல் இதற்கு மாறான ஒரு நிலைப்பாட்டை விரிவாக முன்வைத்தார். சில வகைக் கடுமையான புண்படுத்தல்களையும் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்றும், ஆனால் அதற்குமுன் அதனை எளிதில் தவிர்த்திருக்க முடியுமா, அது எவ்வளவு ஆழமானது, பேசியவரின் நோக்கம் என்ன, பேச்சின் சமூகப் பயன் என்ன என்பவற்றை எடைபோட வேண்டும் என்றும் அவர் கூறினார். விரும்பித் திறந்தால் மட்டுமே படிக்க முடிகின்ற நூல், தவிர்க்க எளிதானவற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

தமிழ் மரபில்

கடுஞ்சொல்லும் மாற்றுக் கருத்தும் தமிழ் இலக்கிய மரபில் தனித்தனியாகவே கருதப்பட்டுள்ளன. திருக்குறள் "இனியவை கூறல்" என்று ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளது. அதே நூலின் இறைமாட்சி அதிகாரத்தில், கேட்பதற்குக் கசப்பான சொற்களையும் பொறுத்துக்கொள்ளும் பண்பு அரசனுக்குச் சிறப்பாகச் சொல்லப்படுகிறது (குறள் 389). அதாவது, இனிமையாகப் பேசும் கடமை பேசுபவருக்கும், பொறுக்கும் கடமை அதிகாரம் உடையவருக்கும் உரியவை ஆகின்றன.

மணிமேகலையில் பல்வேறு சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் ஒரு காதை உள்ளது. அறிஞர்கள் வாதிடும் பட்டிமண்டபம் பற்றியும் அக்காப்பியம் குறிப்பிடுகிறது. பௌத்த நூலான குண்டலகேசியை மறுக்கவே சமண நூலான நீலகேசி இயற்றப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என அழைக்கலாமா என்ற பூசலில், ஆறுமுக நாவலர் தரப்பும் அடிகளார் தரப்பும் கண்டன நூல்களை வெளியிட்டன. இப்பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. எனினும் பல பத்தாண்டுகள் நீடித்த அவ்விவாதம் பெரும்பாலும் நூலுக்கு மறுப்பு நூல் என்ற வழியிலேயே நடந்தது.

சட்ட வரலாறு

பிரித்தானியர் காலம்

1924இல் லாகூரில் வெளியான ஒரு நூல் இசுலாமியரின் மனத்தைப் புண்படுத்தியதாக வழக்குத் தொடரப்பட்டது. அதன் பதிப்பாளர் ராஜ்பாலை லாகூர் உயர் நீதிமன்றம் 1927இல் விடுவித்தது. இருக்கும் சட்டம் அத்தகைய எழுத்தைத் தண்டிக்க இடம் தரவில்லை என்பது காரணம். இதனைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பை அடுத்து, அதே ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் 1929இல் அப்பதிப்பாளர் கொலை செய்யப்பட்டார்.

ஒரு வகுப்பினரின் சமய உணர்வுகளை வேண்டுமென்றும் தீய நோக்கத்துடனும் கொதித்தெழச் செய்வதை 295-ஏ பிரிவு குற்றமாக்குகிறது. புண்படுத்தும் எல்லாச் சொற்களையும் இப்பிரிவு தண்டிப்பதில்லை. தீய நோக்கத்துடன் செய்யப்படும் கடுமையான வடிவத்தை மட்டுமே தண்டிக்கிறது என்று 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 299ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சமூகங்களிடையே பகையை வளர்ப்பதைத் தண்டித்த 153-ஏ பிரிவு, புதிய சட்டத்தில் 196ஆம் பிரிவாக உள்ளது.

அரசியலமைப்பும் முதல் திருத்தமும்

இந்திய அரசியலமைப்பின் 19(1)(ஏ) உறுப்பு, பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்குமான உரிமையை வழங்குகிறது. 19(2) உறுப்பு அதன் வரம்புகளைப் பட்டியலிடுகிறது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த 22 கைதிகள் உயிரிழந்தனர். அடுத்த மாதம், இடதுசாரி ஏடான கிராஸ் ரோட்ஸ் மாநிலத்திற்குள் வருவதைச் சென்னை அரசு தடை செய்தது. ஏட்டின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1950 மே மாதம் அத்தடையை நீக்கியது. பொது ஒழுங்கு என்பது அன்றைய 19(2) உறுப்பில் இடம்பெறவில்லை என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

இதன்பின் 1951இல் நிறைவேறிய முதல் அரசியலமைப்புத் திருத்தம், பொது ஒழுங்கு, குற்றத்திற்குத் தூண்டுதல் முதலியவற்றை வரம்புகளாகச் சேர்த்தது. அவ்வரம்புகள் "நியாயமானவையாக" இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே திருத்தத்தால் வந்தது. நாட்டின் இறைமை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நாகரிகம், ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு முதலியன இன்றைய பட்டியலில் உள்ளன. மனம் புண்படுதல் அப்பட்டியலில் தனியொரு காரணமாக இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சேலம் வட்டார நிகழ்வுகள்

சேலம் ஊர்வலம் (1971)

1971 சனவரி மாதம் சேலத்தில் திராவிடர் கழகத்தின் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடைபெற்றது. பெரியார் ஈ. வெ. இராமசாமி கலந்துகொண்ட ஊர்வலத்தில் இந்துக் கடவுளரைப் பற்றிய படங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. சன சங்கத்தினர் கறுப்புக்கொடி காட்டினர். செருப்பு வீச்சும் நடந்தது. இராமரின் படம் அவமதிக்கப்பட்டது என்பது பெரும் அரசியல் சர்ச்சை ஆனது. நிகழ்வின் ஒளிப்படங்களை வெளியிட்ட துக்ளக் இதழின் படிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2020 சனவரியில், துக்ளக் பொன்விழாவில் நடிகர் ரஜினிகாந்த் இவ்வூர்வலத்தைப் பற்றிப் பேசினார். அவர் கூறியது உண்மைக்குப் புறம்பானது, பெரியாரை இழிவுபடுத்துவது என்று கூறிப் பெரியாரிய அமைப்புகள் காவல்துறையில் முறையிட்டன; மன்னிப்புக் கோரவும் வலியுறுத்தின. அவர் மறுத்துவிட்டார். ஒரே நிகழ்வு, 1971இல் ஒரு தரப்பையும் 2020இல் எதிர்த் தரப்பையும் புண்படுத்தியது. புண்படுதலைக் காரணமாகக் காட்டும் விதி, அதனை உருவாக்கியவர்களுக்கு எதிராகவும் பயன்படக்கூடியது என்பதை இது காட்டுகிறது.

பெரியார் தொடர்பாக இதற்கு முன்னரே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. 1953இல் திருச்சிராப்பள்ளியில் அவர் மண்ணாலான பிள்ளையார் உருவத்தைப் பொதுவில் உடைத்தார். கடையில் வாங்கிய பொம்மை புனிதப்பொருள் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் முறையீட்டைத் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. ஒரு வகுப்பினர் புனிதமாகக் கருதும் எப்பொருளும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியது என்றது. எனினும் நீண்ட காலம் கடந்துவிட்டதால் மேல் விசாரணைக்கு ஆணையிடவில்லை.

குஷ்பூ வழக்கு (2005-2010)

2005 செப்டம்பரில், திருமணத்துக்கு முந்தைய பாலுறவு பற்றி நடிகை குஷ்பூ ஓர் இதழுக்குக் கூறிய கருத்துக்கு எதிராகப் போராட்டங்கள் எழுந்தன. தமிழ்ப் பெண்களை அவர் இழிவுபடுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் மீது 23 குற்ற முறையீடுகள் தாக்கல் செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டின் பல்வேறு ஊர்களில் தாக்கலானவை. அவ்வாண்டு நவம்பரில் அவர் மேட்டூர் நீதிமன்றத்தில் முன்னிலையானார்.

வழக்குகளை நீக்க 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரல் 28 அன்று அனைத்தையும் நீக்கியது. அவதூறு வழக்குத் தொடர்பவர் அப்பேச்சால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். முறையீட்டாளர் எவரையும் குஷ்பூ சுட்டிப் பேசவில்லை என்று நீதிமன்றம் கூறியது. சமூக ஒழுக்கம் பற்றிய பார்வைகள் ஆளுக்கு ஆள் மாறுபடுபவை என்றும், பலருக்குப் பிடிக்காத கருத்தைக் குற்றவியல் சட்டத்தைக் கொண்டு அடக்கக் கூடாது என்றும், அதனை எதிர்க்க விரும்புவோர் கருத்தாலேயே எதிர்கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பு விளக்கியது.

மாதொருபாகன் (2010-2016)

மாதொருபாகன், பெருமாள்முருகன் எழுதி 2010இல் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட புதினம் ஆகும். குழந்தையில்லாத காளி, பொன்னா இணையரின் துயரே இதன் கரு. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவின் ஓர் இரவில், குழந்தை வேண்டும் பெண்கள் முன்பின் அறியாத ஆணுடன் கூடுவதை ஊர் ஏற்றுக்கொண்டிருந்ததாகக் கதை அமைகிறது.

நூல் வெளியாகி நான்கு ஆண்டுகள் வரை பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த பின், 2014 டிசம்பரில் போராட்டம் தொடங்கியது. டிசம்பர் 26 அன்று திருச்செங்கோட்டில் நூலின் படிகள் எரிக்கப்பட்டன. 2015 சனவரி 9 அன்று கடையடைப்பு நடந்தது. கோயிலையும், ஊரையும், அவ்வூர்ப் பெண்களையும், தம் சமூகத்தையும் நூல் இழிவுபடுத்துகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். உண்மையான ஊரின் பெயரும் உண்மையான கோயிலும் கதையில் இருப்பதால், படிப்போர் அதனை வரலாறாகக் கொள்வர் என்றும், அவ்வூரில் பிறந்தோரின் பிறப்பே ஐயத்துக்கு உள்ளாகும் என்றும் அவர்கள் கூறினர்.

சனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வருவாய்த்துறை அலுவலர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. வருத்தம் தெரிவிக்க எழுத்தாளர் முன்வந்தார். அது போதாது என்று எதிர்த்தரப்பினர் மறுக்க, இறுதியில் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோருவதாகவும், விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த சில நாட்களுக்குள், எழுத்தாளர் என்ற நிலையில் தாம் இறந்துவிட்டதாகவும் இனி ஆசிரியராக மட்டுமே வாழப்போவதாகவும் முகநூலில் அறிவித்தார். தம் நூல்கள் எதனையும் விற்க வேண்டாம் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். நாமக்கல் அரசு கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்த அவர் பின்னர் சென்னைக்கு மாற்றலானார்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் இப்பேச்சுவார்த்தையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். எழுத்தாளர் மீது குற்ற நடவடிக்கை கோரும் மனுக்களும் உடன் விசாரிக்கப்பட்டன. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோரின் அமர்வு 2016 சூலை 5 அன்று தீர்ப்பளித்தது. அதன் முக்கிய முடிவுகள்:

- சனவரி 12 உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது.
- எழுத்தாளரைத் தண்டிக்கவும் நூலைத் தடை செய்யவும் கோரிய மனுக்கள் ஏற்கத்தக்கவை அல்ல.
- படிப்பதும் படிக்காமல் இருப்பதும் வாசகரின் விருப்பம். பிடிக்காத நூலை மூடிவைத்துவிடலாம்.
- இத்தகைய சூழலில் பேச்சுரிமைக்குச் சார்பான நிலையிலிருந்தே அரசும் காவல்துறையும் தொடங்க வேண்டும். கலை, இலக்கியம் தொடர்பான பூசல்களில் அறிவுரை கூற வல்லுநர் குழு ஒன்று தேவை.

எழுத்தாளர் மீண்டும் உயிர்பெற்றுத் தமக்கு நன்கு கைவந்த எழுத்துப் பணியைத் தொடரட்டும் என்று தீர்ப்பு முடிந்தது. அவ்வாண்டே பெருமாள்முருகன் கோழையின் பாடல்கள் என்ற கவிதைத் தொகுப்பையும் பூனாச்சி என்ற புதினத்தையும் வெளியிட்டார். அவரது ஆளண்டாப்பட்சி புதினத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசைப் பெற்றது.

அளவுகோல்கள்

மேற்கண்ட வழக்குகளிலிருந்தும் பிற தீர்ப்புகளிலிருந்தும் பின்வரும் வினாக்களைத் தொகுக்கலாம்.

நோக்கம் என்ன? 295-ஏ பிரிவுக்குத் தீய நோக்கம் தேவை. கேட்டவர் எவ்வளவு புண்பட்டார் என்பதைக் கொண்டு மட்டும் அதனை முடிவு செய்ய இயலாது.

வன்முறையுடன் எவ்வளவு நெருக்கம்? இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரே ஒரு கிராமத்திலே திரைப்படம் பற்றிய வழக்கில் (1989), பேச்சுக்கும் ஆபத்துக்கும் இடையே வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போன்ற நெருங்கிய தொடர்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

வன்முறை யாரிடமிருந்து வருகிறது? போராட்டம் நடக்கும் என்ற அச்சுறுத்தலுக்குப் பணிந்து அரசு ஒரு படைப்பைத் தடுக்கக் கூடாது. பேசுபவரைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று அதே தீர்ப்பு கூறியது. ஆயினும் 2013இல் விஸ்வரூபம் திரைப்படத்துக்கு மாவட்ட ஆட்சியர்கள் தடை விதித்தனர். சில காட்சிகளில் மாற்றம் செய்ய ஒப்புக்கொண்ட பின்னரே படம் தமிழ்நாட்டில் வெளியானது.

விவாதமா, பரப்புரையா, தூண்டுதலா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, இணையத்தில் எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவதைக்கூடக் குற்றமாக்கியிருந்தது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. விவாதமும் பரப்புரையும் எவ்வளவு வெறுப்பூட்டினாலும் உரிமைக்கு உட்பட்டவை. தூண்டுதல் என்ற நிலையை அடைந்தால்தான் கட்டுப்படுத்தலாம் என்பது அத்தீர்ப்பின் விளக்கம்.

ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 1976இல் ஹேண்டிசைடு வழக்கில் இதனையொத்த கருத்தைக் கூறியது. எல்லோரும் ஏற்கும் கருத்துகளுக்கு மட்டுமன்றி, புண்படுத்தும், அதிரவைக்கும் கருத்துகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்பது அதன் நிலைப்பாடு.

எதிர்வாதங்கள்

பேச்சுரிமைக்கு முதன்மை தரும் நிலைப்பாட்டுக்கு எதிராகக் கருதத்தக்க வாதங்கள் உள்ளன.

முதலாவது, சொற்களின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. ஒரு நம்பிக்கையை விமர்சிப்பதும், பிறப்பைக் கொண்டு ஒரு மனிதரை இழிவுபடுத்துவதும் ஒன்றல்ல. மெய்யியலாளர் ஜெரமி வால்டிரன் 2012இல் வெளியான தம் நூலில், வெறுப்புப் பேச்சின் தீங்கு மனம் புண்படுவதில் இல்லை. தாம் சமமான குடிமக்கள் என்ற உறுதியை மக்கள் இழப்பதிலேயே உள்ளது என்கிறார். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த அடிப்படையில் அமைந்தது எனலாம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதாகும். இவ்வாதத்தின்படி, சாதிப் பெயரால் ஒருவரை ஏசுவதைத் தண்டிப்பதும், ஒரு புதினத்தைத் தடை செய்ய மறுப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இரண்டாவது, பிடிக்காத நூலை மூடிவைக்கலாம் என்ற விடை, தன் ஊரும் சமூகமும் பெயர் சுட்டப்பட்டவருக்கு நிறைவளிப்பதில்லை. அவர் நூலை மூடினாலும் பிறர் அதனைப் படிப்பர். நூல் எழுப்பும் மதிப்பீட்டை அவர் தவிர்க்க முடியாது. ஆனால் இவ்வாதத்தை முழுமையாக ஏற்றால், உண்மையான ஊர் எதனைப் பற்றியும் அவ்வூரார் விரும்பாத எதனையும் எழுத இயலாது என்பது மறுதரப்பின் பதில்.

மூன்றாவது, புண்படுதல் அதிகாரத்தில் இருப்போரின் கருவியாகவும் அமையலாம். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வெளியான நகைச்சுவைத் துணுக்கு, சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் இழிவுபடுத்தியதாகக் கூறி, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கடும் எதிர்ப்பால் அவர் மூன்றாம் நாள் விடுவிக்கப்பட்டார். பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

சட்டத்திற்கு வெளியே

நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் கொண்டு ஒரு சமூகத்தின் பேச்சுரிமையை அளவிட இயலாது. குஷ்பூ வழக்குகள் முடிய நான்கரை ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மாதொருபாகன் வழக்கில் எழுத்தாளர் ஒன்றரை ஆண்டுகளுக்கு மேல் வெளியீட்டிலிருந்து விலகியிருந்தார். இருவரும் இறுதியில் வென்றபோதும், அலைச்சலும் அச்சமும் தீர்ப்புக்கு முன்னரே தண்டனையாக அமைந்தன. நூலைத் தடை செய்து அரசாணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஓர் அலுவலக அறையில் நடந்த பேச்சுவார்த்தையே தடையின் விளைவைத் தந்தது. இதனைக் காணும் பிற எழுத்தாளர்கள் தாமாகவே சிலவற்றை எழுதாமல் விடுவது தற்தணிக்கை எனப்படும்.

புண்பட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு. மறுப்பு எழுதுதல், விமர்சனக் கூட்டம் நடத்துதல், அமைதியான ஆர்ப்பாட்டம், நூலை வாங்காமல் புறக்கணித்தல், பொய்யான செய்தியாயின் திருத்தம் கோருதல் ஆகியவை அவருக்குத் திறந்துள்ள வழிகள். தம் நற்பெயர் கெட்டது என்று காட்ட இயலுமாயின் அவதூறு வழக்கும் தொடரலாம். மிரட்டல், வாழ்வாதாரத்தைப் பறித்தல், வன்முறை ஆகியவை இவற்றில் அடங்கா. அவை பேசுபவருக்குத் தீங்கு விளைவிப்பவை. புண்படுதல் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அது இவற்றை நியாயப்படுத்துவதில்லை.